அச்சகம் இல்லாமல் ஒரு நாளிதழ்: இளம் நிருபருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அச்சகமும் முதலாளியும் இல்லாமல் நாளிதழ் நடத்த முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் தலைநகர் மபூத்தோவில் கார்லோஸ் கார்டோசோ என்ற பத்திரிகையாளர் அதை நடத்திக் காட்டினார். எப்படி நடத்தினார், எங்கே அடி விழுந்தது என்பதை எழுதுகிறேன்.

1951இல் அதே நாட்டின் பெய்ரா நகரில் பிறந்த வெள்ளையர் அவர். தென்னாப்பிரிக்காவில் படிக்கும்போது நிறவெறி அரசை எதிர்த்ததால் 1975இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். எண்பதுகளில் மொசாம்பிக் அரசின் செய்தி நிறுவனத்துக்குத் தலைமை வகித்தார். புரட்சி அரசை மனதார ஆதரித்தவர்தான். ஆனாலும் 1982இல் அந்த அரசே அவரைச் சில நாள் சிறையில் வைத்தது. 1990 அரசியல் சட்டமும் 1991 பத்திரிகைச் சட்டமும் வந்த பிறகுதான் தனியார் இதழ்களுக்கு வழி பிறந்தது.

1992இல் பத்திரிகையாளர்கள் சிலர் சேர்ந்து மீடியாகூப் என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். அதன் முதல் இதழ் மீடியாஃபேக்ஸ். செய்தியைக் கணினியில் தட்டி, சில பக்கங்களாக எடுத்து, சந்தாதாரர்களுக்கு ஃபேக்ஸில் அனுப்புவார்கள். தாள் செலவு வாங்குபவருடையது. விநியோக வண்டி வேண்டாம், விற்காத பிரதி திரும்பி வராது, அச்சகத்தை மிரட்டி இதழை நிறுத்தவும் முடியாது. சந்தாதாரர்கள் சில நூறு பேர்தான். அதில் தூதரகங்களும் கம்பெனிகளும் உதவி நிறுவனங்களும் இருந்தன. ஜெராக்ஸ் எடுத்துக் கைமாற்றினால் சந்தா வருமானம் போகும், செய்தி மட்டும் போய்ச் சேரும். இதன் பெரிய குறை, தொலைபேசி இல்லாத கிராமத்து உழவனை அது எட்டவே எட்டாது என்பது. நீ வாட்ஸாப்பில் தொடங்கினாலும் யாருக்கு எட்டவில்லை என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொள். இன்னொன்று: ஃபேக்ஸ் தாளில் எழுத்து சில ஆண்டுகளில் மங்கிவிடும். ஒவ்வோர் இதழுக்கும் நல்ல தாளில் ஒரு பிரதி எடுத்துக் கட்டி வை. வழக்கு வந்தால் அதுதான் உன் சாட்சி.

1997இல் கார்டோசோ கூட்டுறவிலிருந்து பிரிந்து, மெட்டிகல் என்ற சொந்த ஃபேக்ஸ் இதழைத் தொடங்கினார்.

அவர் எழுதியவற்றில் முந்திரிப் பிரச்சினையை நீ ஊன்றிப் படிக்க வேண்டும். அதன் மறுமுனை நம் பக்கம் இருக்கிறது. உடைக்காத பச்சை முந்திரிக்கொட்டைக்கான ஏற்றுமதி வரியைத் தளர்த்த வேண்டும் என்று 1995இல் உலக வங்கி மொசாம்பிக்கை நெருக்கியது. வரி போனால் உழவருக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பது வாதம். கொட்டை கப்பலேறி இந்திய ஆலைகளுக்கு வந்தது. கொல்லத்திலும் குமரியிலும் பெண்கள் உடைக்கும் கொட்டையில் ஆப்பிரிக்கக் கொட்டை நிறைய உண்டு. மொசாம்பிக்கிலோ ஆலைகள் மூடின, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். உழவர் குடும்பத்துக்குக் கிடைத்த கூடுதல் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 5.30 டாலரைத் தாண்டியிராது என்று பின்னாளில் பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். கார்டோசோ இதை ஒரு நாள் செய்தியாக விடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார். இப்படி ஒன்றை நீ எடுத்தால் நான்கு எண் வேண்டும்: தோப்பில் கிலோ விலை, வியாபாரி விற்ற விலை, துறைமுக விலை, வரி. ஒரு கிலோ பருப்புக்கு நான்கு, ஐந்து கிலோ கொட்டை பிடிக்கும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் லாபம் யார் கைக்குப் போகிறது என்று தெரியாது.

அவர் உயிரைக் குடித்தது வங்கிச் செய்தி. 1996இல் பிசிஎம் என்ற அரசு வங்கி தனியாருக்குப் போகும் நேரத்தில் 14,400 கோடி மெட்டிகல் (அந்நாட்டு நாணயத்தின் பெயரும் அதுதான்), அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1.4 கோடி டாலர், அதிலிருந்து போனது. கணக்கில் பணமில்லாத காசோலைகளைக் கிளையில் போடுவது, அவை பாஸாகும் முன்பே வரவு வைக்கச் செய்வது, உடனே பணத்தை எடுத்துவிடுவது என்பதுதான் வழி. கிளைக்குள் ஆள் இல்லாமல் இது நடக்காது. வழக்கு நகராமல் கிடந்தபோது அதைப் பெயர்களோடு விடாமல் எழுதியவர் அவர். இந்த மாதிரி விஷயத்தில் கணக்குத் தொடங்கிய தேதி, காசோலை எண், வரவு வைத்த தேதி, பாஸான தேதி ஆகியவற்றை ஒரே தாளில் வரிசையாக எழுது. தேதிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் குற்றம் இருக்கும்.

2000 நவம்பர் 22 மாலை, அலுவலகத்திலிருந்து காரில் கிளம்பியவரை வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள். ஓட்டுநர் படுகாயமடைந்தார். மபூத்தோ உயர்பாதுகாப்புச் சிறையில் நடந்த விசாரணை நேரலையாக ஒலிபரப்பானது. 2003 ஜனவரியில் ஆறு பேருக்கு நீண்ட சிறைத் தண்டனை கிடைத்தது. ஏவியவர்களில் ஒருவர் பணம் போன வங்கிக் கிளையின் முன்னாள் மேலாளர். சுட்ட கும்பலின் தலைவன் தீர்ப்புக்கு முன்பே சிறையிலிருந்து தப்பியிருந்தான்.

மெட்டிகல் இதழ் 2001 முடிவில் நின்றுபோனது. ஆசிரியர், உரிமையாளர், முதன்மை நிருபர் மூன்றும் ஒருவரே என்றால் அவரோடு இதழும் போகும். அவருடைய துணிவை நான் மிகவும் மதிக்கிறேன், அந்த அமைப்பை மட்டும் நீ பின்பற்றாதே. ஆபத்தான செய்தியை ஒருவர் பெயரில் போடாதே. வேறோர் இதழோடு சேர்ந்து ஒரே நாளில் வெளியிடு. ஆவணங்களின் நகல் வேறு ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் இருக்கட்டும். சந்தாக் கணக்கும் கடவுச்சொற்களும் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இரு.

முதல் இதழ் தயாரானதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. சந்தா கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்