ஓட்டைக் காலணா உன்னுடையதுதான்

கும்பகோணம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததில் நிம்மதி. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் இனி உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் என் கவலை. இங்கே எல்லோரும் சௌக்கியம். வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

பதில் தாமதமானதற்குக் காரணம் என் பேரன். விடுமுறைக்கு வந்தவன் உண்டியலைத் தரையில் கொட்டி விளையாடிக்கொண்டிருந்தான். "தாத்தா, இந்தக் காசில் வருஷத்துக்குக் கீழே நட்சத்திரம் இருக்கிறது, இதில் இல்லையே?" என்றான். அறுபது வருடமாகக் காசைத் தொடுகிறேன், ஒரு நாளும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை! விசாரித்தால், அது காசு அச்சான ஊரின் அடையாளமாம். நட்சத்திரம் ஹைதராபாத், வைர வடிவம் மும்பை, புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மளிகைக் கடையில் மீதிச் சில்லறை வாங்கினால் பூதக்கண்ணாடியை எடுக்காமல் நகர்வதில்லை. கள்ளக்காசு என்று சந்தேகப்படுகிறேனோ என்று கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

அந்த வேகத்தில் பரணில் கிடந்த பவுடர் டப்பாவை இறக்கினேன். சதுர ஒரு பைசா, அறுகோண மூன்று பைசா, ஓரமெல்லாம் பூவிதழ் போல வளைந்த பத்துப் பைசா. அலுமினியக் காசுகள் ஊதினால் பறந்துவிடும் போலிருக்கின்றன. நாலணாவின் ஆயுள் 2011 ஜூன் மாதத்தோடு முடிந்தது. எட்டணா சட்டப்படி இன்னும் செல்லும். யாரிடமாவது நீட்டிப் பார், தெரியும்.

டப்பாவின் அடியில் உன் ஓட்டைக் காலணா, 1944ஆம் வருடத்தது. உன் பாட்டி உன் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தாரே, அதுதான். உலகப்போர் சமயத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு, அதனால் நடுவைக் குடைந்துவிட்டு அடித்தார்கள். ராஜா முகத்துக்கு உரிய இடம் ஓட்டையாகிவிட்டதால் மேலே கிரீடம் மட்டும் இருக்கிறது. தலையில்லாத கிரீடம்! பையன்களாக இருந்தபோது இது நம் கண்ணில் படவேயில்லை.

எட்டாம் வகுப்பில் இரண்டு தாமரைக் காசு, அதாவது தாமரைப் பூ போட்ட இருபது பைசா இரண்டு, கொடுத்து இதை உன்னிடம் வாங்கினேன். அந்தக் காசில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஊரே பேசியது, நானும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். குன்றிமணி அளவுகூடத் தங்கம் கிடையாது, எல்லாம் பித்தளை. காலணாவுக்காகப் பாட்டியிடம் நீ வாங்கிய அடி எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த இரண்டும் என் காசே அல்ல. வெள்ளிக்கிழமை லட்சுமி பூஜைக்கென்று அம்மா 108 தாமரைக் காசு சேர்த்து வைத்திருந்தாள், அதிலிருந்து எடுத்தவை. அடுத்த வெள்ளிக்கிழமை, நாமாவளி முடிவதற்குள் காசு தீர்ந்துவிட்டது. தான்தான் ஏதோ நாமத்தை இருமுறை சொல்லிவிட்டோம் என்று நினைத்து அம்மா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நான் நிமிரவேயில்லை. பிறகு இரண்டு பத்துப் பைசாவைச் சேர்த்து அவளே கணக்கை நேர்செய்துகொண்டாள். கடைசிவரை நான் சொல்லவில்லை.

இப்போது அம்மாவின் பூஜைக் காசுப் பெட்டி என் மனைவியிடம். போன வாரம், "ஏன் 106தான் தாமரை இருக்கிறது?" என்று கேட்டாள். யாருக்குத் தெரியும் என்றேன்.

அந்த இரண்டும் உன்னிடம் இருக்கின்றனவா? பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதவன் நீ, அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். தீபாவளிக்கு இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருந்தாயே, அப்போது கொண்டு வா. காலணாவைத் தந்துவிடுகிறேன், வட்டிக்கு நொய்டா புள்ளி ஒன்று. அவள் எதிரில் எடுத்துவிடாதே, வாசலிலேயே என் கையில் கொடுத்துவிடு.

உன்,
கட்டையன்