காற்றில் வருவதைக் கேட்க ஒரு பெட்டி

அன்புடையீர்,

வணக்கம். கடல் வானிலை அறிக்கை காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அல்ல. இந்த நிமிடமும் அது கடலுக்கு மேலே போய்க்கொண்டுதான் இருக்கிறது. மத்திய அலையில் எழுத்தாகப் போகிறது, சிற்றலையில் வரைபடமாகப் போகிறது, குறுந்தூர வானொலியான வி.எச்.எஃப்.பில் யாரோ ஒருவர் நிதானமாக வாசிக்கும் குரலாகப் போகிறது. சந்தா கிடையாது, கடவுச்சொல் கிடையாது. அதைப் பிடிக்கும் கருவியும், பிடித்ததைப் புரிந்துகொள்ளும் பழக்கமும்தான் பல சிறு படகுகளில் இல்லை. அதற்காகத்தான் எங்கள் குழு 'கேட்புப் பெட்டி' என்று ஒன்றைத் தயாரித்துப் படகுகளுக்கு இரவல் கொடுத்து வருகிறது. இப்போது கையில் இருப்பவை மூன்று பெட்டிகள். காத்திருப்போர் பட்டியல் அதைவிட நீளம். பத்துப் பெட்டிகளாக்க வேண்டும், கூடவே ஒரு கையேடும் அச்சிட வேண்டும். அதற்குத்தான் இந்த வேண்டுகோள்.

நன்கொடை கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதலில் வந்த கேள்வி ஒன்றுதான்: "எல்லார் கையிலும் போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1861இல் பிரிட்டனில் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரி, புயல் வரப்போகிறது என்று தந்தி மூலம் துறைமுகங்களுக்குச் சொல்லும் முறையைத் தொடங்கினார். தந்தி வந்ததும் துறைமுகக் கம்பத்தில் கூம்பையும் உருளையையும் ஏற்றுவார்கள். கம்பம் கண்ணுக்குத் தெரிகிற படகுக்கு எச்சரிக்கை கிடைத்தது. நேற்றே கிளம்பிப்போன படகுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கம்பியில்லாத் தந்தியும் அப்புறம் வானொலியும் வந்த பிறகுதான் அந்த இடைவெளி அடைபட்டது. போன் சிக்னல் கிட்டத்தட்ட அந்தக் கம்பம் மாதிரிதான். கரையில் கோபுரம் இருக்கும்வரை நன்றாக வேலை செய்யும். வானிலை மோசமாகும் நேரத்தில் நாம் பெரும்பாலும் கரைக்கு அருகில் இருப்பதில்லை.

பெரிய கப்பல்களுக்கு இந்தக் கவலை இல்லை. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் உருவான, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை படிப்படியாக வளர்ந்தது. 1999 பிப்ரவரி 1 முதல், சர்வதேசப் பயணம் போகும் பயணிகள் கப்பல்களும் 300 மொத்த டன்னுக்குக் குறையாத சரக்குக் கப்பல்களும் வானிலை எச்சரிக்கை பெறும் கருவிகளை வைத்திருப்பது முழுமையாகக் கட்டாயம். உலகக் கடல்களை 21 வானிலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அறிக்கை தயாரித்து அனுப்பும் பொறுப்பை ஒரு நாட்டிடம் கொடுத்திருக்கிறார்கள். ஏற்பாடு பிரமாதம். ஆனால் ஐந்தாறு பேர் போகும் படகை அந்தச் சர்வதேச விதி எட்டிப் பார்ப்பதில்லை. அறிக்கை அவர்கள் தலைக்கு மேலே பறந்து போய்விடுகிறது.

சரி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

முதன்மையானது நாவ்டெக்ஸ் வாங்கி, அதாவது கரைநிலையங்கள் அனுப்பும் எழுத்தறிக்கையைப் பிடிக்கும் கருவி. உலகம் முழுக்க 518 கிலோஹெர்ட்ஸில் ஆங்கிலத்திலும், சில இடங்களில் 490இல் உள்ளூர் மொழியிலும் எழுத்து வடிவில் அறிக்கை வரும். கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பாலும் எட்டும். இதன் அமைப்பு எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரே அலைவரிசையில் பல நிலையங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் எப்படிப் பேசும்? ஒவ்வொரு நிலையத்துக்கும் ஏ முதல் எக்ஸ் வரை ஓர் ஆங்கில எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம். 24 எழுத்து, 240 நிமிடம், கணக்கு நேர். ஏ நிலையம் உலகப் பொது நேரம் நள்ளிரவில் தொடங்கினால், பி பத்து நிமிடம் கழித்து, எம் சரியாக இரண்டு மணிக்கு. எழுத்து தெரிந்தால் நேரமும் தெரிந்துவிடும். ஒவ்வொரு குறியையும் இரண்டு முறை அனுப்புவார்கள். இரண்டு முறையும் சிதைந்தால், தப்பான எழுத்தைப் போடாமல் கருவி ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிடும். 'தெரியவில்லை' என்று நேர்மையாகச் சொல்லும் இயந்திரம்.

இந்த இடத்தில் எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாவ்டெக்ஸ் செய்திகளுக்கும் எழுத்துப் பிரிவு உண்டு. பி என்றால் வானிலை எச்சரிக்கை, டி தேடல் மீட்பு, இ வழக்கமான வானிலை முன்னறிவிப்பு. எச்சரிக்கைகளை யாரும் அணைக்க முடியாதபடி கருவியைச் செய்திருக்கிறார்கள், இ பிரிவை அணைக்கலாம். முதல் பெட்டியை எடுத்துப் போன படகில் காகிதச் சுருள் வீணாகிறதே என்று இ பிரிவை அணைத்துவிட்டார்கள். ஆபத்து என்றால் எச்சரிக்கை வராமலா போகும் என்ற நம்பிக்கை. அன்று எச்சரிக்கை வரவில்லை. வந்திருக்கவும் வழியில்லை. எச்சரிக்கை பொதுவாகக் காற்றின் வலிமையைக் காட்டும் பியூஃபோர்ட் அளவில் 8இல், அதாவது மணிக்கு 34 கடல் மைல் வேகத்தில்தான் தொடங்கும். அன்றைய காற்று 7இலேயே நின்றது. பெரிய கப்பலில் 7 என்றால் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இவர்கள் இரவு முழுக்கத் தண்ணீர் இறைத்தபடி விடிந்த பிறகு திரும்பி வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அணைத்துவைத்த இ பிரிவில் முன்னறிவிப்பு வந்திருந்தது, எல்லார் தலைக்கும் மேலே போயிருந்தது. பெட்டியைக் கொடுத்த நாங்கள் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. வெறும் கருவியை நீட்டுவது போதாது என்று அன்றுதான் உறைத்தது. கையேடும் பயிற்சியும் இந்தத் திட்டத்துக்குள் வந்தது இப்படித்தான்.

இரண்டாவது, வானிலை வரைபடம் பிடிக்கும் சிற்றலை ரேடியோ. நாவ்டெக்ஸ் எட்டாத ஆழ்கடலுக்கும் இது எட்டும். தொலைநகல் மாதிரி, நிமிடத்துக்கு 120 கோடுகளாக ஒரு படம் ஒலியாக வந்து இறங்கும். கேட்டால் யாரோ எதையோ சீராக அரைத்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். சாதாரண மடிக்கணினி அதைப் படமாக்கிவிடும். ஒரு சூட்சுமம்: அட்டவணையில் போட்டிருக்கும் அதிர்வெண்ணிலிருந்து 1.9 கிலோஹெர்ட்ஸ் கீழே, மேல் பக்கப்பட்டையில், அதாவது ரேடியோவில் யு.எஸ்.பி. என்று குறித்திருக்கும் நிலையில் வைக்க வேண்டும். இது தெரியாமல் படம் வரவில்லை என்று கைவிட்டவர்கள் ஏராளம். எழுத்தறிக்கை உங்கள் பகுதிக்கு என்ன என்று சொல்லும். படம் ஏன் என்று சொல்லும். சம அழுத்தக் கோடுகள் எங்கே நெருங்கிக் கிடக்கின்றன, தாழ்வு மையம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால், நாளை மறுநாளைப் பற்றி நீங்களே ஒரு கருத்துக்கு வரலாம்.

சென்ற முறை திரட்டிய பணத்தில் இந்த ரேடியோ விஷயத்தில்தான் சறுக்கினோம். விலை மலிவாக இருக்கிறதே என்று சில சிறிய ரேடியோக்களை வாங்கினோம். அவற்றில் இரண்டில் பக்கப்பட்டை வசதியே இல்லை, குரல் அறிக்கை வாத்து கத்துவதுபோல் கேட்டது. மற்றவை சூடேறியதும் அதிர்வெண் நழுவி, படம் பாதியில் கறுத்துப்போனது. அந்தப் பணம் போனது போனதுதான். இனி எதை வாங்கினாலும் ஒரு வாரம் உப்புக் காற்றில் வைத்து ஓட்டிப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

மூன்றாவது, வி.எச்.எஃப். கேட்பான். கரைநிலையங்கள் பொதுவாக 16ஆம் சேனலில் 'செக்யூரிட்டே' (பாதுகாப்புச் செய்தி) என்று மூன்று முறை அழைத்து, எந்தச் சேனலில் அறிக்கை வாசிக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டு அங்கே போய் வாசிப்பார்கள். நேர்க்கோட்டில் போகும் அலை என்பதால் ஆன்டெனா உயரம்தான் எல்லாம். 1979இல் ஃபாஸ்ட்நெட் படகுப் பந்தயத்தைப் புயல் தாக்கி, பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் 15 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பந்தயத்தில் வி.எச்.எஃப். கட்டாயமானது. நாங்கள் ஒலிபரப்புக் கருவி எதுவும் கொடுப்பதில்லை. அதற்கு உரிமமும் பயிற்சியும் தேவை. அறிக்கையை நாங்களே வாங்கி மறுபடி வாசிப்பதாகவும் இல்லை. இது குழுவுக்குள் நீண்ட விவாதமாக ஓடியது. வாய் மாறினால் எண் மாறும், 'தென்மேற்கு 5' யாரோ ஒருவர் வாயில் '7' ஆகும். மூலத்தையே கேட்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

இவை தவிர நீளமான ஆன்டெனா கம்பி, 12 வோல்ட் பேட்டரி, எழுதிவைக்கும் படிவங்கள், ஒரு காற்றழுத்தமானி. கடைசியாகச் சொன்னது ரேடியோவே இல்லை என்றாலும் அது இல்லாமல் பெட்டி இல்லை. அறிக்கை சொன்னதைவிட வேகமாக முள் இறங்கினால் முள்ளைத்தான் நம்ப வேண்டும்.

கையேட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் உழைப்பில் பாதி அதில்தான் போகிறது. அறிக்கையின் சொற்கள் பார்க்க எளிமையானவை, அங்கேதான் சிக்கல். 'சூன்' என்று கேட்டால் இதோ வந்துவிட்டது என்றுதான் நினைப்போம். பிரிட்டிஷ் கடல் அறிக்கையில் அதற்கு 6 முதல் 12 மணி நேரத்துக்குள் என்று பொருள். அதற்கும் முன்னால் வருவது 'இமினென்ட்', பின்னால் வருவது 'லேட்டர்', அதாவது 12 மணி நேரத்துக்கு மேல். 'மாடரேட்' இன்னும் மோசம். காற்றுக்குச் சொன்னால் பியூஃபோர்ட் 4. பார்வைத் தூரத்துக்குச் சொன்னால் 2 முதல் 5 கடல் மைல். அலைக்குச் சொன்னால் 1.25 முதல் 2.5 மீட்டர் வரை. இதை 'நடுத்தரம்' என்று மொழிபெயர்த்தால் சிறு படகுக்காரருக்கு நாமே தீங்கு செய்வதாகும். அறிக்கையில் வரும் அலை உயரம் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி மட்டுமே, தனி அலை அதைப்போல் இரு மடங்கு வரை எழலாம். ஆஸ்திரேலிய அறிக்கைகளில் இதைச் சேர்த்தே எச்சரிப்பார்கள்: வீச்சுக்காற்று சொன்னதைவிட 40 சதவீதம் கூடுதலாகலாம், அலை இரு மடங்காகலாம் என்று.

கடுங்காற்றைக் குறிக்கும் 'கேல்', அதைவிடக் கடுமையான 'ஸ்டார்ம்' இரண்டுக்கும் தமிழ் தேடிச் சண்டை போட்டோம். இரண்டையும் புயல் என்றால் உண்மையான புயலுக்குச் சொல் மிஞ்சாது. கடைசியில் பியூஃபோர்ட் எண்ணையே முன்னால் போட்டு, விளக்கத்தைப் பின்னால் தள்ளிவிட்டோம். ஒரு இடத்தில் மட்டும் தமிழ் தானாக வந்து உட்கார்ந்தது: காற்று 'வீர்' ஆவது வலஞ்சுழியாகத் திரும்புவது, 'பேக்' ஆவது இடஞ்சுழி. பயிற்சிக்கு வந்தவர்கள் யாரும் அதை மறக்கவில்லை.

உங்களிடம் கேட்பது இது. பணமாகக் கொடுப்பவர்கள் முழுப் பெட்டிக்கும் கொடுக்கலாம், பேட்டரி அல்லது ஆன்டெனா என்று ஒரு பங்குக்கும் கொடுக்கலாம். படிவத்தில் குறித்துவிட்டால் அதற்கு மட்டுமே செலவழிப்போம். ரசீது உண்டு. வரவு செலவில் இருவர் கையெழுத்து இருக்கும், கொடுத்த எல்லாருக்கும் கணக்கு அனுப்புவோம், சறுக்கிய செலவு உட்பட. பத்துப் பெட்டிக்குத் தொகை சேராவிட்டால் முதலில் கையேட்டைத்தான் நனையாத தாளில் அச்சிடுவோம். பெட்டி கிடைக்காதவருக்கும் அது உதவும்.

பொருளாகவும் தரலாம். பக்கப்பட்டை வசதியுள்ள பழைய சிற்றலை ரேடியோ, பயன்படுத்தாத நாவ்டெக்ஸ் வாங்கி, செப்புக் கம்பி, ஓடுகிற மடிக்கணினி, காற்றழுத்தமானி எல்லாம் வேண்டும். கடலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் மாதம் ஒரு மாலை பயிற்சிக்கு வந்தால் அதைப் பணத்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வோம். கரகரப்புக்கு நடுவே எண்களைப் பிடிக்கப் பழக, அறிக்கை வாசிப்பதுபோன்ற ஒலிப்பதிவுகளும் செய்கிறோம். தெளிவான குரல் உள்ளவர்கள் சொல்லுங்கள், தெளிவில்லாத குரலும் வேண்டும், கடலில் அதுதான் அதிகம் கேட்கும். செயற்கைக்கோள் போன் மட்டும் வேண்டாம், மாதாமாதம் அதற்குக் கட்ட எங்களிடம் வழியில்லை.

பணத்தைப் பொருளாளரிடமும் பொருளைப் பயிற்சி நடக்கும் மாலைகளிலும் ஒப்படைக்கலாம். ரேடியோ தருபவர்கள் தயவுசெய்து உள்ளே இருக்கும் பழைய பேட்டரிகளைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். சென்ற முறை வந்த நல்ல கருவி ஒன்றை அதிலிருந்து கசிந்த ரசாயனம் தின்றுவிட்டது.

அன்புடன்,
கேட்புப் பெட்டிக் குழுவினர்