ஈஃபிள் கோபுரத்தின் நான்கு கால்கள்

அன்புள்ள சேகருக்கு,

நலம். வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பாரிஸ் புறப்படுமுன் நீ கேட்ட கேள்வி மனத்திலேயே இருந்தது: சாய்ந்தெழும் நான்கு கால்களையும் உயரத்தில் எவ்வாறு பிசகின்றி இணைத்தார்கள்?

அதைப் பார்ப்பதற்காகவே லிஃப்டை விடுத்து, இரண்டாம் தளம் வரையுள்ள 674 படிகளையும் ஏறினேன். படிக்கட்டு தெற்குக் காலின் உள்ளேயே செல்வதால் இரும்புச் சட்டங்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி ஒன்றின் தலையைத் தடவிப் பார்த்தேன். பூச்சின்மேல் பூச்சு ஏறி, அதன் விளிம்பு மழுங்கியிருந்தது. இப்படி 25 லட்சம் ரிவெட்டுகள்! ஒருவர் காய்ச்ச, ஒருவர் துளையில் செருகிப் பிடிக்க, ஒருவர் தலையை உருவாக்க, ஒருவர் சம்மட்டியால் அடிக்க, நான்கு பேர் சேர்ந்து முடித்த வேலை அது. ஆறும்போது இரும்பு சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும்.

உன் கேள்விக்கான விடை 57 மீட்டர் உயரத்தில், முதல் தளத்தில் இருக்கிறது. கால்களைத் தாங்கிய மரச் சாரங்களின் மேல் மணல் நிரப்பிய பெட்டிகளையும், கால்களின் அடியில் ஹைட்ராலிக் ஜாக்கிகளையும் வைத்திருந்தார்கள். மணலைச் சிறிது சிறிதாக வெளியேற்றினால் கால் தாழும். ஜாக்கியை இயக்கினால் உயரும். பாரிஸை அடுத்த லெவல்லுவா-பெரேயில் இருந்த ஈஃபிள் நிறுவனப் பட்டறையிலேயே துளையிடப்பட்டு வந்த பாகங்கள் 1887 டிசம்பரில் அங்கே ஒன்றோடொன்று பொருந்தின. இவ்வளவு பெரிய இரும்பைக் கைப்பிடி மணலால் நேர்செய்த அந்த அறிவின் முன் நான் நெகிழ்ந்து நின்றேன்.

கால்களுக்கிடையே உள்ள பெரிய வளைவுகளே பாரம் தாங்குகின்றன என்று நாம் வாதிட்டோமே, அது தவறு. அவை கட்டடக் கலைஞர் சொவெஸ்த்ர் அழகுக்காகச் சேர்த்தவை. முதல் வரைபடமும் கோபுரத்தைக் கட்டிய ஈஃபிளுடையதன்று. அவருடைய நிறுவனத்துப் பொறியாளர் கெஷ்லின் 1884-இல் வரைந்தது. அவர் பெயரையும் மக்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

276 மீட்டர் உயரத்து உச்சிக்கு இரண்டாம் தளத்திலிருந்து லிஃப்டில்தான் போக முடியும். அங்கே ஈஃபிளின் சிறிய அறையைக் கண்ணாடி வழியாகக் காணலாம். காட்சி அற்புதமே, எனினும் நீ செல்லும்போது பலரும் விரைந்து கடந்துவிடும் முதல் தளத்தில் அதிக நேரம் செலவிடு. அங்கே கண்ணாடித் தரையில் நின்று கீழே நோக்கினால், கால்கள் எவ்வளவு அகலத்திலிருந்து சாய்ந்து வருகின்றன என்பது தெளிவாக விளங்கும். நான் எடுத்த படங்களைத் தனியே அனுப்புகிறேன். இணைப்புகளை மட்டும் நாற்பது படங்கள் எடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
ரகு