கோணி ஊசியோடு வந்த அண்ணனுக்கும், கூட நின்ற தெருவுக்கும்

எங்கள் தெருக்காரர்களுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனி நண்பர்களுக்கும், பேர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்ட மெத்தைக்கார அண்ணனுக்கும் வணக்கம்.

சந்தில் அம்பு விட்டுப் பழகுகிற எங்கள் பிள்ளைகளின் பயிற்சி இடையில் நின்றுபோனதும், ஏன் நின்றது என்பதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதி யாரையும் நோகடிக்க வேண்டாம். பிள்ளைகள் திரும்பவும் வில்லைக் கையில் எடுத்துவிட்டார்கள், அது போதும். ஆனால் "நன்றி" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்ள மனசு வரவில்லை. நீங்கள் கொடுத்த பொருள் இப்போது எங்கே இருக்கிறது, என்ன வேலை பார்க்கிறது என்று கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா? அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம். ஆர்ச்சரி, அதாவது வில்வித்தை, தெரியாதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அண்ணனிடம் வருகிறோம்.

துணி அடைத்த மூட்டையில் அம்பு விட்டுப் பழகுகிற எவருக்கும் ஒரு கோளாறு வரும். அடைத்த அன்று மூட்டை கல் மாதிரி நிற்கும். அம்பு பட்டுப் பட்டு, துணியின் சொந்தக் கனமும் சேர, உள்ளே இருப்பது கீழே இறங்கிவிடும். அடிவயிறு பருத்து, மேல் பகுதி தொளதொளத்துப் போகும். மேலே படுகிற அம்பு நிற்காமல் ஊடுருவி, இறகு கிழிந்து பின்பக்கம் வெளியே வரும். அதைவிடப் பெரிய கெடுதல் பிள்ளையின் மனசில் நடக்கும்: மேலே விட்டால் அம்பு போய்விடும் என்ற பயத்தில் தன்னையறியாமல் தாழ்த்திக் குறிவைக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தைப் பிறகு எடுப்பது பெரும்பாடு.

அண்ணனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. இலவம்பஞ்சு மெத்தைக்கு ஆள் கேட்டு யாரோ கூப்பிட்டதால் தெருவுக்குள் வந்தவர் அவர். சந்தில் நின்ற மூட்டையைப் பார்த்தார், வண்டியை ஓரங்கட்டினார். "ஏனுங்க, இப்படி அடைச்சா நிக்காதுங்க. பஞ்சானாலும் துணியானாலும் கீழதானுங்க எறங்கும்." அப்புறம் யாரையும் கேட்கவில்லை. தையலைப் பிரித்து மொத்தத்தையும் தரையில் கொட்டிவிட்டார்.

கொட்டியதை இரண்டு குவியலாகப் பிரித்தார். நாடா நாடாக நீண்ட துண்டுகள் ஒரு பக்கம், உள்ளங்கைக்குள் அடங்குகிற பொடித் துண்டுகள் ஒரு பக்கம். நீளத் துண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும், பொடி தனியாக விழுந்தால் மணலாகக் கீழே வழிந்துவிடும் என்றார். அதனால் பொடியை ஒரு கைப்பிடி எடுத்து, நீளத் துண்டில் சுருட்டி, பந்தாக்கித்தான் உள்ளே வைக்க வேண்டும். பிரிக்கும்போதே பட்டன், ஜிப், ஊக்கு எல்லாவற்றையும் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கச் சொன்னார். அவருக்கு மெத்தையில் படுப்பவரின் முதுகைப் பற்றிய கவலை. எங்களுக்கு அம்பு முனையைப் பற்றிய கவலை. ஒரு ஜீன்ஸ் பட்டன் போதும், முனை மடங்கும், அம்பின் தண்டு, அதாவது ஷாஃப்ட், கார்பனாக இருந்தால் முனையை ஒட்டிக் கீறல் விடும்.

சாக்கை நிறுத்தி வைத்து அடைப்பதுதான் எல்லோரும் செய்வது. அவர் படுக்கப்போட்டு அடைத்தார். நாலு மூலையையும் முதலில் குத்திக் குத்தி இறுக்கிவிட்டு, நடுவில் நாலு விரல் கனத்துக்கு ஒரு அடுக்கு. அதைத் தடியால் சாத்தி, அடுத்த அடுக்கைக் குறுக்குவாட்டில். இப்படி மாற்றி மாற்றி ஒரு அடி கனம் வரும்வரை. இரண்டு அடிக்கு இரண்டு அடி சாக்கில் ஏறத்தாழ 25 கிலோ கட்டிங் வேஸ்ட், அதாவது பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணி, போயிருக்கிறது. அதே சாக்கு, அதே துணி, முன்பு இதில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் பிடித்தது.

கடைசியில்தான் கோணி ஊசி வெளியே வந்தது. மெத்தையில் இடையிடையே குத்தி இழுத்துக் கட்டியிருப்பார்களே, அந்த வேலை. ஒரு அடி நீள ஊசியில் முறுக்கிய சணல் நூல். முழங்காலால் மூட்டையை அமுக்கி, நேராகக் குத்தி, பின்பக்கம் ஊசியை வாங்கி, மடித்த துணித் துண்டு ஒன்றை நூலுக்கு அடியில் கொடுத்து, அரை அங்குலம் தள்ளித் திரும்பக் குத்தி முன்னால் கொண்டுவந்தார். முன்னாலும் ஒரு துணித் துண்டு. அது இல்லாவிட்டால் நூல் சாக்கை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பிறகு இரண்டு விரல் ஆழத்துக்குக் குழி விழும்வரை இழுத்து முடிச்சு. அரை அடிக்கு ஒன்று, வரிசைக்கு மூன்று, மூன்று வரிசை, ஆக ஒன்பது. ஒவ்வொரு முடிச்சும் உள்ளே ஒரு தூணாக நின்று துணியை அந்தந்த இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. இப்போது மேல் வரிசையில் விட்ட அம்பும் கீழ் வரிசையில் விட்ட அம்பும் ஒரே ஆழத்தில் நிற்கின்றன.

நூல் மேலேயே அம்பு பட்டால் அறுந்துவிடாதா என்று கேட்கலாம். அறும். அதனால் குறிவட்டத்தை முடிச்சின் மேல் வைப்பதில்லை. நடு முடிச்சைச் சுற்றி முடிச்சுகளுக்கு இடையே உப்பி நிற்கிற நாலு கட்டங்களில் நாலு வட்டம். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரே வட்டத்தில் ஆறு அம்பு விட்டால், கை தேறத் தேற அம்பின் மேல் அம்பு பட்டு நாக் (நாணில் மாட்டுகிற பின்முனை) உடையும், இறகு கிழியும். நாலு வட்டத்துக்கும் பங்கிட்டு விட்டால் அம்பும் பிழைக்கும், மூட்டையும் ஒரே இடத்தில் ஓட்டை விழாமல் நாள்பட உழைக்கும்.

கூலி என்று பேச்செடுத்ததும் ஊசியைப் பைக்குள் போட்டுவிட்டார். டீ மட்டும் குடித்தார். "எங்கிட்டயும் ஒரு வில்லு இருக்குதுங்க, அம்புதான் இல்ல" என்று பஞ்சு அடிக்கிற வில்லைக் காட்டிச் சிரித்தார். பிள்ளை ஒருத்தி தன் ரிகர்வ் வில்லை (நுனிகள் முன்பக்கம் வளைந்தது) நீட்ட, நாணைச் சுண்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எங்களுக்கு மறக்காது: "எங்க வில்லுல நாண் அதிரோணும். உங்களுதுல அதிரக் கூடாதாட்ட இருக்குது." நூற்றுக்கு நூறு உண்மை. பஞ்சு பிரிவதே அந்த அதிர்வில்தான். இங்கே அதிர்வு என்பது அம்புக்குப் போகாமல் வீணான சக்தி. 68 அங்குல ரிகர்வ் வில்லில் நாணுக்கும் பிடிக்கும் இடையிலுள்ள தூரத்தை 8.5 அங்குலத்திலிருந்து 9 அங்குலம் வரை, நாணை நாலைந்து முறுக்காக முறுக்கி ஏற்றிப் பார்த்து, எங்கே வில் சத்தம் குறைந்து கையில் அடங்குகிறதோ அங்கே நிறுத்துவது வழக்கம். எங்களுக்குக் காதுதான் கருவி, அவருக்கும் அப்படியே.

அண்ணா, ஒரு மணி நேர வேலை என்று நீங்கள் நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். மூட்டை சமமாக நின்ற பிறகுதான் குரூப்பிங் பற்றி நம்பிக்கையாகப் பேச முடிகிறது. அம்புகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் சேர்ந்து விழுவதற்குக் குரூப்பிங் என்று பெயர். அது நடுவில்தான் விழ வேண்டும் என்பதில்லை. சேர்ந்து விழுந்துவிட்டால் மிச்சம் சைட்டின், அதாவது வில்லில் மாட்டியிருக்கிற குறிகாட்டியின், வேலை. இடப்பக்கம் கூடினால் சைட்டை இடப்பக்கமே நகர்த்த வேண்டும், மேலே கூடினால் மேலே. அம்புகள் சிதறும்போது சைட்டைத் தொடவே கூடாது.

பேப்பர் கடைக்காரர் கொடுத்த அட்டைப் பெட்டிகளைத் தகடு தகடாக வெட்டி மூட்டைக்கு முன்னால் மாட்டுகிறோம். அதில் மைதாப் பசையால் ஒட்டிய வெள்ளைத்தாள். பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது, சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். சந்தில் கிடைப்பது 10 மீட்டர்தான். போட்டித் தூரமான 70 மீட்டரில் 122 சென்டிமீட்டர் இலக்கு கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ, 10 மீட்டரில் 17.4 சென்டிமீட்டர் வட்டம் அவ்வளவே தெரியும். அதன் நடுவிலுள்ள மஞ்சள் பகுதி 3.5 சென்டிமீட்டர். நாலு வட்டம் வைக்க இடம் போதாததால் மஞ்சளையும் சிவப்பையும் மட்டும் வரைகிறோம், 7 சென்டிமீட்டர். இதில் ஒரு எச்சரிக்கை: 10 மீட்டரில் நெருங்கி விழுவதை வைத்து 70 மீட்டருக்குக் கணக்குப் போட்டு மகிழ வேண்டாம். காற்றும், அம்பின் சமமின்மையும் தூரம் போகப் போகத்தான் பல்லைக் காட்டும்.

ஒரு முறை விட்ட ஆறு அம்பை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. ஒரே தாளில் ஐந்து முறை, முப்பது அம்பு. கை நழுவியது என்று விட்டவுடனேயே தெரிந்த அம்பின் ஓட்டையை மட்டும் பேனாவால் சுழித்துவிட்டு மீதியின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். நெடுக்காக நீண்டிருந்தால் இழுக்கிற அளவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது. கிளிக்கர் (சரியான அளவு இழுத்ததும் சத்தமிடுகிற தகடு) இருந்தும் அப்படி என்றால் விடும் நொடியில் முதுகின் இழுவை தளர்கிறது. அகலமாகப் பரவியிருந்தால் வில் பிடித்த கை முறுக்குகிறது, அல்லது விரல்கள் நாணைப் பக்கவாட்டில் பிடுங்குகின்றன. அம்புகளில் ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதியிருக்க வேண்டும். எப்போதும் நாலாம் எண்ணே வெளியே போகிறது என்றால் திட்ட வேண்டியது பிள்ளையை அல்ல, நாலாம் அம்பை. நாக் கோணலா, இறகு உரிந்திருக்கிறதா, ஷாஃப்ட்டில் கீறலா என்று பாருங்கள்.

துணி மூட்டையில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அம்பு எந்தக் கோணத்தில் குத்தி நிற்கிறது என்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே போகும்போது துணியே அதைத் திருப்பிவிடும். இறகில்லாத அம்பை விட்டுச் சோதிக்கும்போது அது எந்த இடத்தில் பட்டது என்பதைத்தான் நம்ப வேண்டும். வலக்கைக்காரருக்கு இறகுள்ள அம்புகளுக்கு இடப்பக்கம் விழுந்தால் ஷாஃப்ட் விறைப்பு அதிகம், வலப்பக்கம் விழுந்தால் விறைப்பு போதவில்லை, கீழே விழுந்தால் நாணில் நாக் மாட்டும் இடம் உயரமாக இருக்கிறது. இந்தச் சோதனைக்கு 10 மீட்டர் பற்றாது, 18 மீட்டராவது வேண்டும். அதற்கு ஞாயிறு காலையில் இடம் கொடுக்கிற கல்யாண மண்டபத்துக்காரருக்குத் தனி நன்றி.

இனி மற்றவர்கள், எல்லோரையும் சேர்த்தே சொல்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டிங் வேஸ்ட்டை எடைக்குப் போடாமல் எங்களுக்கு ஒதுக்கிய கம்பெனிக்காரர்கள். பழைய பவானி ஜமக்காளம் கொடுத்த பாட்டி: மூட்டைக்கு ஒரு முழம் பின்னால், அடி தரையில் புரளும்படி தொளதொளவென்று தொங்குகிறது பாட்டி, இழுத்துக் கட்டினால் அம்பு கிழித்துக்கொண்டு போகும், தொங்கவிட்டால் துணி பின்வாங்கி அம்பின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். அதற்கும் பின்னால் முழுச்சுவர் இருக்கிறது, பயம் வேண்டாம். பழைய ட்யூப் துண்டுகள் கொடுத்த சைக்கிள் கடைக்காரர்: அதைச் சுற்றிப் பிடித்தால் கார்பன் அம்பு வழுக்காமல் வருகிறது. ஒரு கை மூட்டையை அமுக்க, மறு கை ஷாஃப்ட்டை மூட்டையை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், பின்னால் யாரும் நிற்கக் கூடாது. மழைக்குப் போர்த்த ஃப்ளெக்ஸ் தந்தவர், நடுவட்டம் தரையிலிருந்து 130 சென்டிமீட்டரில் நிற்கும்படி ஸ்டாண்டு அடித்துத் தந்த ஆசாரி, துணி காயப்போடும் நேரத்தையே எங்களுக்காக மாற்றிக்கொண்ட அடுத்த வீட்டு அக்கா, சந்தின் இரு முனையிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து "அம்பு, அம்பு" என்று ஆளை நிறுத்துகிற தாத்தாக்கள். உங்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் ஒரு அம்புகூடப் போயிருக்காது.

பதிலுக்குச் செய்ய எங்களிடம் பணமில்லை. வேலை தெரியும், அதைச் செய்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் எல்லா மூட்டையையும் பிரித்துக் காயவைத்துத் திரும்ப அடைப்போம். பருத்தி ஈரம் வாங்கினால் பூசணம் பிடிக்கும், எலியும் சேரும். அண்ணன் போட்ட ஒன்பது முடிச்சையும் பெரிய பிள்ளைகள் இப்போது தாங்களாகவே போடுகிறார்கள். எந்தப் பள்ளிக்கூடமாவது, மூங்கில் வில்லில் இந்தியன் ரவுண்ட் என்ற நம் நாட்டுப் போட்டிப் பிரிவுக்குப் பழகுகிற எந்தக் குழுவாவது கேட்டால் வந்து தைத்துத் தருவோம், கூலி கிடையாது. ஊசியும் நூலும் எங்களுடையது, சாக்கும் துணியும் உங்களுடையது. பட்டனையும் ஜிப்பையும் மட்டும் நாங்கள் வருவதற்குள் பிரித்து வைத்துவிடுங்கள், அதற்குத்தான் பாதி நேரம் போகிறது.

இப்படிக்கு,
பிள்ளைகளும், பயிற்சி தருகிறவர்களும்