நைஜீரியாவின் கானோவில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன்னோடு வேலை பார்க்கும் ஃபுலானி இனத்துப் பையன் 'ஷெஹு, ஷெஹு' என்கிறானே, அது யார் என்று கேட்டிருந்தாய். உஸ்மான் டான் ஃபோடியோ. 1754இல் கோபிர் என்ற ஹவுஸா இன அரசர்களின் நாட்டில் பிறந்த ஆலிம். நம் முஹ்யித்தீன் ஆண்டவர் அப்துல் காதிர் ஜீலானியின் காதிரிய்யா சூஃபி வழிதான் அவருக்கும். முஹ்யித்தீன் ஆண்டவரே தனக்கு வாள் கட்டிவிட்டதாகக் கனவு கண்டவர் ஷெஹு.

ஹவுஸா அரசர்கள் முஸ்லிம்கள்தான். ஆனால் கால்நடை வரி, சந்தை வரி என்று ஏழைகளைப் பிழிந்தார்கள். சுதந்திரமான முஸ்லிம்களையே பிடித்து அடிமைகளாக விற்றார்கள். ஷெஹு பின்னால் கூட்டம் சேர்ந்ததும், கோபிர் அரசர் நஃபாத்தா, ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, பெண்கள் முக்காடு போடக் கூடாது என்று உத்தரவு போட்டார். அடுத்து வந்த யுன்ஃபா காலத்தில் பகை முற்றி, 1804இல் ஷெஹு ஊரை விட்டுக் குடூ என்ற இடத்துக்கு ஹிஜ்ரத் போனார். அப்புறம் போர்தான். நீ இருக்கும் கானோ 1807இல் அவர்கள் கைக்கு வந்தது. 1808இல் கோபிரின் தலைநகர் அல்கலாவா விழுந்து, யுன்ஃபாவும் இறந்தார். ஷெஹுவின் மகன் முஹம்மது பெல்லோ கட்டிய சோகோட்டோ நகரம் அவர்களுடைய புதிய அரசுக்குத் தலைநகரமானது.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்: மனைவியைப் பழைய பாத்திரம் போல, உடையும் வரை புழங்கிவிட்டுக் குப்பையில் எறிகிறார்கள் என்று ஆண்களைக் கண்டித்து எழுதியவர் அவர். அவர் மகள் நானா அஸ்மாவு மூன்று மொழிகளில் கவிதை எழுதியவர். கிராமத்துப் பெண்களுக்குப் பாடம் சொல்லவே ஆசிரியைகளைப் பழக்கி அனுப்பினார். ஓலைத் தொப்பியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தால் அவர் அனுப்பிய ஆள் என்று ஊருக்கே தெரியும். இருநூறு வருஷத்துக்கு முன்னால், யோசித்துப் பார்!

சரி, இதோடு நிறுத்திக்கொண்டால் நான் உனக்குப் பாதிதான் சொன்னவனாவேன். முஸ்லிமை அடிமையாக்கியதை எதிர்த்து எழுந்த அந்த அரசே, முஸ்லிம் அல்லாத அக்கம்பக்கத்து மக்களை லட்சக்கணக்கில் அடிமையாக்கியது. 1903இல் ஆங்கிலேயர் பிடிக்கும்போது, உலகிலேயே அடிமைகள் மிக அதிகம் இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. மார்க்கத்தின் பெயரால் நடந்தது என்பதற்காக மூடி மறைக்க எனக்கு மனம் வரவில்லை, நீயும் மறைக்காதே.

துணிக்கு அவுரி நீலம் ஏற்றும் கோஃபர் மாத்தா சாயக்குழிகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னாயே, போ. அந்தக் காலத்தில் அவுரியும் பருத்தியும் விளைந்த பண்ணைகளில் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். அவர்கள் வழி வந்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று உன் நண்பனிடம் பக்குவமாகக் கேட்டு எழுது.

அன்புடன்,
அத்தா