பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டைத் திறந்து கொடுங்கள்

மிஷனரிக் குழுவின் மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், குழுவிலுள்ள அனைவருக்கும்,

கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துக்கள்.

போன ஞாயிறு ஆராதனையில் 22 வாலிபர்கள் பத்து நாள் ஊழியப் பயணமாக ஆப்பிரிக்கா போகிறார்கள் என்று அறிவித்தீர்கள். சபையே கைதட்டியது, நானும் தட்டினேன். பிள்ளைகள் நல்லபடியாகப் போய் வரட்டும். ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் உங்கள் கடிதம் எங்கள் கைக்கு வந்திருந்தது. ஆலய வளாகத்தில் இருக்கும் இரண்டு அறை வீட்டைச் சாமான் வைக்க வேண்டியிருப்பதால் தர இயலாது, உதவித்தொகை மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று இரண்டே வரி.

எங்கள் கதையை உங்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவிக்கு மிஷனரிகளாக அனுப்பியது நீங்கள், 11 வருடம் கழித்து வரச் சொன்னதும் நீங்கள். உங்களுக்குத் தெரியாதது எங்கள் பகல்பொழுது எப்படிப் போகிறது என்பதுதான். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் என் நாத்தனார் வீட்டு ஹாலில் படுத்துக்கொள்கிறோம். அவர் கணவருக்கு இரவு ஷிப்ட். காலையில் வந்து அவர் தூங்க வேண்டும், வீட்டில் இருப்பது ஒரே ஒரு படுக்கையறை, அதில் படுக்கையில் விழுந்த மாமியார். அதனால் ஒன்பது மணிக்கெல்லாம் நாங்கள் மூவரும் வெளியே வந்துவிடுகிறோம். எங்கே போவது? ஆலய வளாகத்துக்குத்தான் வருகிறோம். வேப்பமரத்தடிக் கல்பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே அந்த வீடு தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், போன வருடத்து விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) பேனர், கிறிஸ்துமஸ் நாடகத்துக்குச் செய்த தெர்மாகோல் மாட்டுத்தொழுவம். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டி அண்ணன் பதினோரு மணிக்கு டீ கொண்டு வந்து தருவார். அவர் மனசுக்கு ஆண்டவர்தான் பலன் கொடுக்க வேண்டும். குழுவைச் சேர்ந்தவர்களும் அந்தப் பக்கம் போகிறீர்கள். "எப்போ சிஸ்டர் திரும்பப் போறீங்க?" என்று கேட்கிறீர்கள். ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

வாடகைக்குப் பார்க்காமல் இல்லை. கம்மனஹள்ளியில் ஒரு வீடு பிடித்திருந்தது. மாதம் 18,000, பத்து மாத அட்வான்ஸ் என்றால் 1,80,000. பெங்களூரு வழக்கம் அது, வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பாதியாவது புரட்டலாம் என்று உட்கார்ந்தபோது அவர் சம்பளச் சீட்டு கேட்டார். என் கணவர் உங்கள் செயலாளருக்கு அங்கிருந்தே போன் செய்தார். "பணியிலிருந்து விடுவித்தாகிவிட்டதே, வேலையில் இருப்பதாக எப்படிக் கடிதம் தருவது?" என்று பதில். சரி, 11 வருடம் வேலை பார்த்தார் என்றாவது ஒரு தாள் கொடுத்திருக்கலாம், அதுவும் இல்லை. வாடகை ஒப்பந்தம் இல்லாததால் ஆதாரில் முகவரி மாற்ற முடியவில்லை, பள்ளியில் முகவரிச் சான்று கேட்கிறார்கள். எங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஜூனில் பள்ளி திறந்த பிறகும் அந்தக் கல்பெஞ்சில் என்னோடு உட்கார்ந்து பழைய பாடப்புத்தகத்தில் கணக்குப் போடுகிறாள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மலாவியில் நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று மிஷனரி ஞாயிறன்று பேசச் சொல்லி ஐந்து நிமிடம் கொடுத்தீர்கள். படங்கள் காட்டுவதற்குள் நேரம் முடிந்தது. அன்று சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

நாங்கள் இருந்தது தெற்கே, முலாஞ்சே மலையடிவாரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில். அங்கே சிச்சேவா மொழியில் 'பெப்பானி' என்று ஒரு வார்த்தை உண்டு. மன்னியுங்கள் என்பதற்கும் அதுதான், ஆனால் நடந்து போகிறவர் கால் தடுக்கினாலும் பார்த்தவர் 'பெப்பானி' என்பார். தப்பு யாருடையது என்ற கேள்வியே அதில் கிடையாது. சாவு வீடு என்றால் பெண்கள் சித்தேஞ்சேத் துணியைச் சுற்றிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள், ராத்திரி முழுக்க. ஆரம்பத்தில் நான் பைபிளை எடுத்துக்கொண்டு போய் எந்த வசனம் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருந்த ஒரு கிழவி என் கையிலிருந்து பைபிளை மெதுவாக வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஊழியம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்தபோது மலாவியின் தெற்கில் ஐந்து லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வீடிழந்தார்கள். எங்கள் வீட்டுச் சுவரும் ராத்திரியில் இடிந்து விழுந்தது. பக்கத்து வீட்டு அம்மா தன் ஐந்து பிள்ளைகளையும் ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு எங்களுக்குப் பாய் விரித்தாள். அறுவடைக்கு நின்ற அவளுடைய சோளம் முழுவதும் வெள்ளத்தில் போயிருந்தது. பத்தொன்பது நாள் அங்கே இருந்தோம், எப்போது போவீர்கள் என்று ஒரு நாள்கூட அவள் கேட்டதில்லை.

ஆலய நடையில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் படம் மாட்டியிருக்கிறீர்கள். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கி, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தவர், 1719-ல் 36 வயதில் இறந்துபோனார். உடம்பு மட்டுமா கெட்டது? கோபன்ஹேகனில் இருந்த மிஷன் குழுவின் செயலாளர், கட்டடம் எதற்கு, செலவு எதற்கு என்று கடிந்து எழுதிய கடிதங்கள் அவர் மனதை உடைத்துவிட்டன. முந்நூறு வருடம் கழித்து அவர் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு உங்கள் இரண்டு வரிக் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது. கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எத்தனை ஞானஸ்நானம், எத்தனை கூட்டம் என்று படிவம் அனுப்பத் தெரிந்த உங்களுக்கு, எத்தனை தடவை மலேரியா வந்தது என்று ஒரு கட்டம் சேர்க்கத் தோன்றவில்லையே. எனக்கு ஆறு தடவை வந்தது.

பவுலும் பர்னபாவும் முதல் பயணம் முடிந்து அந்தியோகியாவுக்குத் திரும்பினதைப் பற்றி அப்போஸ்தலர் 14-ஆம் அதிகாரத்தின் கடைசியைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். சபையைக் கூட்டி, நடந்ததெல்லாம் சொன்ன பிறகு, அனுப்பிய அதே இடத்தில் சீஷரோடு அநேக நாள் தங்கியிருந்தார்கள். அந்த அநேக நாளைத்தான் கேட்கிறேன்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் விண்ணப்பம் ஒன்றுதான்: களத்திலிருந்து திரும்பும் எந்தக் குடும்பத்துக்கும் ஆறு மாதம் அந்த வளாக வீட்டையும், அதுவரை உதவித்தொகையையும் கொடுங்கள். எங்களுக்கு மட்டுமல்ல, நீங்கள் அனுப்பிய இன்னொரு குடும்பம் டிசம்பரில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வருகிறது. அவர்களும் இந்தப் பெஞ்சில் வந்து உட்காரக் கூடாது.

இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட நாங்கள் மூவருமே போதும். சாவி கோயில்குட்டி அண்ணனிடம்தான் இருக்கிறது.

கிறிஸ்துவின் பணியில்,
மலாவியிலிருந்து திரும்பிய உங்கள் சகோதரி
லிங்கராஜபுரம், பெங்களூரு