டீமக்ஸை வாழ விடுங்கள்: துறை சர்வர் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் துறை சர்வர்களைப் பராமரிக்கும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் சர்வரில் லாகின்ட்.கான்ஃப் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். பயனர்களின் லாகினைக் கவனிக்கும் லாகின்ட் என்ற புரோகிராமின் அமைப்புக் கோப்பு அது. அதில், லாக்அவுட் ஆனதும் பயனரின் வேலைகளை நிறுத்தலாமா என்று முடிவு செய்யும் ‘கில்யூசர்பிராசஸஸ்’ என்ற வரிக்கு எதிரே ‘எஸ்’ என்று இருந்தால், தயவுசெய்து ‘நோ’ என்று மாற்றுங்கள். மாற்ற முடியாதபடி காரணம் இருந்தால், லாகின் செய்ததும் மாணவர் கண்ணில் படுகிற மாதிரி அதை எழுதி வையுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இந்த ஒரு வரி என்ன செய்கிறது என்பதை மாணவர்கள் பக்கம் இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். முனைவர் பட்ட மாணவி ஒருவர் மாலையில் சர்வரில் டீமக்ஸ் (இணைப்பை விட்டுப் போனாலும் வேலையை ஓட வைக்கும் கருவி) திறந்து, மாடல் பயிற்சியை ஓட விடுகிறார். கன்ட்ரோல்-பி, அப்புறம் டி. முறைப்படி டிடாச் செய்துவிட்டு (வேலையை ஓட விட்டுத் தான் மட்டும் விலகி), லேப்டாப்பை மூடி, விடுதிக்குப் போகிறார். காலையில் வந்து ‘டீமக்ஸ் அட்டாச்’ அடித்தால் டீமக்ஸ் சர்வர் எதுவும் ஓடவில்லை என்று பதில் வருகிறது. லாக் கோப்பு நேற்று மாலையோடு நிற்கிறது. கடைசி வரியில் பிழைச் செய்தி ஏதும் இல்லை. பாதி எண் எழுதும்போதே அறுந்திருக்கிறது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அவர் தன் நிரலைச் சந்தேகிக்கிறார். மெமரி போதாமல் செத்திருக்குமோ என்று பேட்ச் அளவைக் குறைக்கிறார். லைப்ரரியின் பதிப்பை மாற்றுகிறார். மறுபடி ஓட்டிவிட்டு இரவு போகிறார், மறுபடி செத்துக் கிடக்கிறது. கணினியின் நிகழ்வுப் பதிவான சிஸ்டம் ஜர்னலைப் பார்த்தால் ஒருவேளை துப்புக் கிடைக்கலாம், ஆனால் சாதாரணப் பயனருக்கு அதைப் படிக்கும் அனுமதி இல்லை. நிரலில் தவறே இல்லாத ஒருவர், இல்லாத தவறைத் தேடி நாள் கணக்கில் அலைகிறார்.

இணைப்பு அறுந்தால் வேலை சாவது யூனிக்ஸில் புதிது அல்ல. டெர்மினல் போய்விட்டால், இயங்குதளத்தின் மையமான கெர்னல், நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு சிக்ஹப் என்ற சிக்னலை அனுப்பும். ஷெல் தான் துவக்கிய வேலைகளுக்கு அதைக் கடத்தும். அதைக் கையாளாத புரோகிராம் அங்கேயே முடிந்துவிடும். மோடம் வைத்துத் தொலைபேசிக் கம்பி வழியாக வேலை பார்த்த காலத்து ஏற்பாடு இது. அப்போதே இதற்கு மாற்றும் தந்துவிட்டார்கள். சிக்ஹப்பைப் பொருட்படுத்தாமல் வேலையை ஓட வைக்கும் நோஹப் கட்டளை 1970களிலேயே வந்தது. 1987-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், டீமக்ஸுக்கு முன்னோடியான ஸ்கிரீன் என்ற கருவி உருவானது. 2007-இல் நிக்கோலஸ் மாரியட் டீமக்ஸ் எழுதினார். வழி வேறானாலும் நோக்கம் ஒன்றே: நான் போகிறேன், வேலை தொடரட்டும் என்று பயனர் கணினியிடம் சொல்லிவிட்டுப் போவது. தலைமுறை தலைமுறையாக இந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

பல லினக்ஸ் கணினிகளில் சேவைகளையும் லாகின்களையும் நிர்வகிப்பது சிஸ்டம்டி; லாகின்ட் அதன் ஒரு பகுதி. 2016 மே மாதம் அதன் 230-ஆம் பதிப்பு இதை மாற்றியது. ஒவ்வொரு லாகினுக்கும் சிஸ்டம்டி ஒரு ஸ்கோப் வைத்திருக்கிறது. அந்த லாகினில் பிறந்த புரோகிராம் எல்லாம் அதற்குள் அடங்கும், பின்னணிக்குப் போனாலும், டெர்மினலை உதறினாலும். லாக்அவுட் ஆனதும் அந்த ஸ்கோப்பையே கலைத்துவிடுவதுதான் இனி இயல்பு நிலை என்றார்கள். நோஹப் தடுப்பது சிக்ஹப்பை மட்டும்தான், அதனால் இங்கே அது உதவாது. டீமக்ஸும் ஸ்கிரீனும் இதனால் உடையும் என்று சிஸ்டம்டியின் கையேட்டுப் பக்கமே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை உருவாக்குபவர்களிடையே பெரிய வாக்குவாதம் நடந்து, தங்கள் தொகுப்பில் ‘நோ’ என்றே வைத்துக்கொண்டார்கள். எனவே டெபியனோ உபுண்டுவோ ஓடும் சர்வரில் ‘எஸ்’ இருந்தால், யாரோ உட்கார்ந்து அதை எழுதியிருக்கிறார்கள்.

எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். பாடம் முடிந்து போன மாணவர்களின் ஜூபிட்டர் நோட்புக்குகள் வாரக்கணக்கில் மெமரியைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். யாருடையது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். திரையும் விசைப்பலகையும் வைத்துப் பலர் மாறி மாறி உட்காரும் ஆய்வகக் கணினியில், ஒருவர் எழுந்து போனதும் அவருடைய எல்லாமே போவதுதான் சரி. அங்கே ‘எஸ்’ இருக்கட்டும். நான் பேசுவது, தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக மட்டுமே வந்து கணக்கிடுவதற்கென்றே வாங்கிய சர்வரைப் பற்றி.

அங்கே மெமரிதான் கவலை என்றால், மெமரிக்கு வரம்பு போடுங்கள். அதே சிஸ்டம்டியில் ஒவ்வொரு பயனருக்கும், அவருடைய எல்லா வேலைகளையும் அடக்கும் ஒரு ஸ்லைஸ் இருக்கிறது. அதில் மெமரிமேக்ஸ், சிபியூகோட்டா, டாஸ்க்ஸ்மேக்ஸ் என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரே கோப்பில் எல்லை வைத்துவிடலாம். ஒருவர் அதிகம் எடுத்தால் அவருக்கு மட்டும் தடை விழும், பக்கத்துப் பயனருக்குப் பாதிப்பு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த அமைப்பில், நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கு இயல்பாகவே விலக்கு உண்டு. நீங்கள் நேரடியாக ரூட்டாக லாகின் செய்து டீமக்ஸ் திறந்து சோதித்தால் அது காலைவரை அப்படியே இருக்கும். “எங்களுக்கு நன்றாக ஓடுகிறதே, உன் நிரலைப் பார்” என்ற பதில் பல மாணவர்களுக்குக் கிடைப்பது இப்படித்தான். ஒரு முறை சாதாரணப் பயனராக நுழைந்து சோதித்துப் பாருங்கள்.

‘லிங்கர் என்ற வசதியை இயக்கிக்கொள்’ என்று மாணவர்களுக்குச் சொல்லும் அறிவுரையும் பாதிதான். ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ கொடுத்தால் பயனரின் சொந்த சிஸ்டம்டி மேலாளர் லாக்அவுட்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கும், அவ்வளவே. வழக்கம்போலத் திறந்த டீமக்ஸ் இன்னமும் லாகின் ஸ்கோப்புக்குள்தான் கிடக்கும், அதோடு சேர்ந்தே சாகும். ‘சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப் டீமக்ஸ்’ என்று துவக்கினால்தான் அது வெளியே வரும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். முதல் முறை லினக்ஸ் தொடும் உயிரியல் மாணவர் இதைத் தானாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

வேலைகளை வரிசையில் வைத்து ஓட்டும் ஸ்லர்ம் இருக்கும் பெரிய கிளஸ்டர்களில் கதை வேறு. எல்லாரும் நுழையும் லாகின் கணுவில் கனமான வேலை ஓட்டுவதே தவறு, ஸ்லர்மின் எஸ்பேட்ச் கட்டளையில் கொடுத்தால் நாம் இருந்தாலும் போனாலும் அது ஓடும். அங்கே டீமக்ஸ் சாவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சொல்லிவிட்டுச் செய்தால் போதும்.

சொல்வதற்கு அதிகம் எழுத வேண்டாம். லாகின் செய்தியில் இதைப் போடலாம்:

“இந்த சர்வரில் லாக்அவுட் ஆனால் உங்கள் எல்லா வேலைகளும் நிறுத்தப்படும். டீமக்ஸ், ஸ்கிரீன், நோஹப் மூன்றும் இதில் அடக்கம். நீண்ட நேரம் ஓட வேண்டிய வேலைக்கு லிங்கர் அனுமதி பெற்று, ‘சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப் டீமக்ஸ்’ என்று துவக்குங்கள். அனுமதிக்கு நிர்வாகியை அணுகவும்.”

கடைசி வாக்கியத்தின் கீழே உங்கள் மின்னஞ்சல் முகவரியைச் சேருங்கள். கேட்பவருக்கு அன்றே லிங்கர் போட்டுக் கொடுங்கள். உங்கள் பக்கத்தில் அது ஒரே ஒரு கட்டளை.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் வேலைகள் சூடுபிடிக்கும் மாதங்களில் உங்கள் சர்வர்களில் இரவு முழுக்க வேலை ஓடும். அதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். ‘நோ’ என்று மாற்றினால் லாகின்டை மறுதுவக்கம் செய்ய வேண்டியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கு ஆபத்து வராதபடி, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, பராமரிப்பு நேரத்தில் செய்யுங்கள்.

அன்புடன்,
ஆய்வு மாணவர்களுக்கு சர்வர் வேலையில் உதவும் ஒருவன்